ஷட்டர் இறங்கியபின் வரும் வாடிக்கையாளர்!

ஷ்ஷ்... சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள்! தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மையும் தஞ்சாவூர் ஓவியமும் விற்கும் ஒரு கடை, அதற்கு ஓர் இணையதளம் என்று வைத்துக்கொள்வோம். மணி பன்னிரண்டு. ஷட்டர் இறங்கியாச்சு. ஆனால் சர்வரின் பதிவேட்டைப் பாருங்கள், வரி மேல் வரியாக விழுகிறது! யாரது? கூகுள்பாட், தேடலுக்காக இணையப் பக்கங்களைப் படித்துப்போகும் கூகுளின் நிரல்!

பெரும்பாலும் அமெரிக்க முகவரியிலிருந்துதான் ஐயா வருவார். பேரம் பேசமாட்டார், பொம்மையைத் தட்டி ஆடவிட மாட்டார். பக்கத்தைக் கேட்பார், பதில் எத்தனை சீக்கிரம் வருகிறது என்று கவனிப்பார். சட்டென்று வந்துகொண்டே இருந்தால் குஷியாகி இன்னும் கேட்பார். இழுத்தடித்தாலோ, 503, 429 என்று பிழை எண்கள் வந்தாலோ, 'பாவம், சர்வர் திணறுது' என்று தானே நடையைக் குறைத்துக்கொள்வார். அவ்வளவு மரியாதைக்காரர்!

லட்சக்கணக்கில் பக்கங்கள் உள்ள தளத்துக்கு இந்த மரியாதையே வினை. கல்லணையில் திறந்த தண்ணீர், முறை முடிவதற்குள் கடைமடைக்கு எட்டாமல் போவதுபோல, உள்ளே ஆழத்தில் இருக்கும் பக்கங்கள் காய்ந்து கிடக்கும். கூகுள் படிக்காத பக்கத்தைத் தேடலில் எப்படிக் காட்டும்?

சில நூறு பக்கங்களே உள்ள நம் கடைக்கு அந்தப் பயம் இல்லை. நம் வில்லன் வேறு: படம்! தங்க ரேக்கு மின்னும் ஓவியத்தை கேமராவில் எடுத்தபடியே ஏற்றினால், ஒவ்வொன்றும் பல எம்பி. பேருந்தில் போகிறவர் போனில் அது திறப்பதற்குள் பாபநாசம் வந்துவிடும்! பக்கத்தின் முக்கியப் பகுதி, நம் கடைக்கு அந்தப் படம்தான், இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். வேகத்தைத் தரவரிசையில் சேர்த்தது 2010-ல். மொபைல் தேடலுக்கும் அது வந்தது 2018 ஜூலையில்.

இன்னொரு ரகசியம்! நாம் தமிழில் தட்டுகிற 'தஞ்சாவூர்', எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் 27 பைட். ஆங்கில எழுத்தில் 9 தான். மூன்று மடங்கா என்று பதறாதீர்கள். அனுப்பும்போது சர்வர் பெரும்பாலும் ஜிஸிப் முறையில் சுருக்கிவிடும். ஒரு போட்டோவுக்கு முன்னால் அதெல்லாம் தூசு. தமிழில் தாராளமாக எழுதுங்கள்!

வேகம் மட்டுமே முதலிடம் தந்துவிடாது. தேடுகிறவருக்கு வேண்டியது பக்கத்தில் இருக்க வேண்டும். அது இருந்தும் வாசல் திறக்க நேரமானால், வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். சொந்தத் தளம் வைத்திருக்கிறீர்களா? கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம். அதில் கூகுள்பாட்டின் வருகைக் கணக்கும் சராசரி பதில் நேரமும் இருக்கும். இன்றைக்கே எட்டிப் பாருங்கள், படங்களையும் சுருக்கிவிடுங்கள்!