உங்களுக்குத் தெரியுமா? – மூத்த பூனையும் அதன் கடைசி நாட்களும்

★ உலகிலேயே அதிக நாள் வாழ்ந்த பூனையாகக் கின்னஸில் பதிவாகியிருப்பது கிரீம் பஃப். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் 1967 ஆகஸ்ட் 3 அன்று பிறந்து, 2005 ஆகஸ்ட் 6 அன்று இறந்தது. 38 ஆண்டு, 3 நாள்! அதை வளர்த்த ஜேக் பெர்ரியின் இன்னொரு பூனையும் 34 வயது வரை இருந்தது. முட்டை, பிராக்கோலி, கிரீம் கலந்த காபி, சில சொட்டு ஒயின் என்று அவர் கொடுத்த சாப்பாடு பற்றி நிறைய எழுதினார்கள். காபியும் மதுவும் பூனைக்கு நஞ்சு. அதை மட்டும் யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

★ 38 மிக அபூர்வம். பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2024இல் வெளியான ஆய்வு, பூனையின் சராசரி ஆயுள் 11.7 ஆண்டு என்கிறது. பர்மீஸ், பிர்மன் இனங்கள் 14ஐத் தாண்டுகின்றன. உடம்பில் முடியே இல்லாத ஸ்பிங்ஸ் இனத்துக்கு 6.7தான். வெளியே சுற்றவிடாமல், கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு வளர்த்த பூனை 15 வயதைத் தொடுவது ஆச்சரியமில்லை.

★ பூனையின் ஒரு வயது நமக்கு ஏழு என்ற கணக்கு சரியில்லை. முதல் ஆண்டிலேயே அது 15 வயதுப் பிள்ளை. இரண்டாம் ஆண்டு முடிவில் 24. அதன் பிறகு ஆண்டுக்கு நான்கு கூட்டினால் போதும். 10 வயதுப் பூனைக்கு நம் கணக்கில் 56, 15 வயதுப் பூனைக்கு 76.

★ “வயசாயிடுச்சு, அதான் படுத்தே கிடக்கு” என்று நாம் விட்டுவிடும் பல பூனைகளுக்கு உண்மையில் வலி இருக்கிறது. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களை அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம்! நாயைப்போல் பூனை நொண்டிக் காட்டாது. பீரோ மேல் ஒரே தாவலில் ஏறியது, இப்போது நாற்காலி, மேஜை என்று நின்று நின்று ஏறும். கொஞ்ச நாளில் ஏறுவதையே விட்டுவிடும். முதுகைத் திருப்பி நக்க முடியாததால் இடுப்புப் பக்கம் முடி சிக்குப் பிடிக்கும். நகம் தேயாமல் வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்திக்கொள்ளும். மணல் தட்டுக்கு வெளியே அசிங்கம் செய்தால் அடிக்காதீர்கள். விளிம்பைத் தாண்டக் கால் ஒத்துழைக்காமல் இருக்கலாம். பிளாஸ்டிக் தட்டின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிக் கொடுத்துப் பாருங்கள்.

★ வலி பூனையின் முகத்தில் தெரியும். கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதற்கு ஓர் அளவுகோலே வகுத்தார்கள். காது இரண்டும் பக்கவாட்டில் திரும்பி அகன்றிருக்கும். கண் பாதி இடுங்கியிருக்கும். மூக்கும் வாயும் இறுகியிருக்கும். மீசை தளராமல் விறைத்து நேராக நிற்கும். தலை தோள்மட்டத்துக்குக் கீழே தொங்கும். இதெல்லாம் தெரிந்தால் மருத்துவரிடம் கிளம்பிவிட வேண்டும். மடியில் கிடந்து குர்குர்ரென்று சத்தம் போடுகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். கடும் வலியிலும், உயிர் பிரியும் தறுவாயிலும்கூடப் பூனைகள் அப்படிச் சத்தமிடுகின்றன.

★ வலிக்கிறது என்று நம் வீட்டு மருந்து டப்பாவைத் திறக்கவே கூடாது. பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். பாசத்தில் கொடுத்தாலும் அதுதான் நடக்கும்.

★ தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகிறதா? மணலில் ஈரக்கட்டிகள் பெரிதாகின்றனவா? சிறுநீரகத்தைப் பாருங்கள். மூத்த பூனைகளை அதிகம் பறிப்பது இந்த நோய்தான். சிறுநீரகத்தில் மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகே வெளியில் தெரிகிறது. கழிவைத் துப்புரவு செய்ய உதவும் ஏஐஎம் என்ற ரத்தப் புரதம் பூனைகளில் சரியாக வேலை செய்வதில்லை என்று ஜப்பானின் டோரு மியாசாகி கண்டறிந்தார். 2021இல் அவரது ஆராய்ச்சிக்குப் பணம் போதவில்லை என்ற செய்தி வந்ததும், ஜப்பானியப் பூனைப் பிரியர்கள் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையைக் கொட்டினார்கள். இப்போதைக்கு நம் கையில் இருப்பது உணவு மாற்றமும் சலைனும். தோலுக்கு அடியில் சலைன் ஏற்ற மருத்துவரிடம் கற்றுக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம்.

★ நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறதா? தைராய்டாக இருக்கலாம். மாத்திரையில் கட்டுப்படும்.

★ மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் குறைவது, 60 கிலோ ஆள் 6 கிலோ குறைவதற்குச் சமம்.

★ “சாகப்போற பூனை வீட்டை விட்டுப் போயிடும்” என்பார்கள். சாவு தெரிந்து அது போவதில்லை. உடம்பு முடியாதபோது யார் கண்ணிலும் படாமல் ஒதுங்குவது அதன் இயல்பு. பிறகு திரும்பி வரத் தெம்பு இருக்காது. மாடிப்படிக்கு அடியில், கார் அடியில், பரணில் தேடுங்கள். கிடைத்தால் சமையலறைச் சத்தம் எட்டாத மூலையில் பழைய புடவையை மடித்துப் போட்டு, தண்ணீரையும் மணல் தட்டையும் நாலடிக்குள் வையுங்கள். சாப்பாட்டை இளஞ்சூடாகக் கொடுங்கள். வாசனை வந்தால்தான் வாய் வைக்கும்.

★ இனியும் வைத்திருப்பது சரியா என்ற கேள்வி வரும் நாளில், அமெரிக்கக் கால்நடை மருத்துவர் அலிஸ் வில்லலோபோஸ் வகுத்த கணக்கு கைகொடுக்கும். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், மோசமான நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் தலா பத்து மதிப்பெண். 70க்கு 35ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம். வீட்டில் இருவர் தனித்தனியே போட்டுப் பாருங்கள். தினமும் தூக்கி வைத்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாதது மற்றவர் கண்ணுக்குத் தெரியும்.

★ கருணைக்கொலை என்று முடிவானால், முதலில் மயக்க ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். அதன் பிறகு போடும் ஊசி மயக்க மருந்தின் மிகை அளவுதான், நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது. இறந்த பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் உடம்பு அசையலாம். அது வலியால் வருவதில்லை. இது முன்பே தெரிந்திருந்தால், அந்தக் கடைசி நொடிகளில் பயந்து விலகாமல் பக்கத்திலேயே இருக்க முடியும்.

★ வீட்டில் இன்னொரு பூனை இருக்கிறதா? துணை போனதும் அது அறை அறையாகத் தேடலாம், அதிகம் கத்தலாம், சாப்பாட்டைக் குறைக்கலாம். சாப்பிடுகிறதா என்று மட்டும் விடாமல் பாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் பட்டினி கிடந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும், குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். துக்கம் ஆறட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.