லினக்ஸ் வழங்கல்களில் ஆள் தலையீடற்ற பொதி மேம்பாடு: வினாக்களுக்கு விடையளிப்போர் யார்?

ஆய்வுச்சுருக்கம்

சேவையகங்களில் மென்பொருள் பொதிகளை ஆள் தலையீடின்றி மேம்படுத்துவது இன்று பரவலான நடைமுறையாகும். அப்போது எழும் வினாக்களை டெபியன், ஆர்பிஎம் ஆகிய இரு மரபுகளும் எதிர்கொள்ளும் முறைகளை இக்கட்டுரை ஒப்பிட்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், பொதி மேலாண்மை, தானியங்கு மேம்பாடு, அமைவுக் கோப்பு, கணினிப் பாதுகாப்பு.

முன்னுரை

ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் ‘ஹார்ட்பிளீட்’ வழு 2014 ஏப்ரல் 7 அன்று வெளிப்படுத்தப்பட்டது. திருத்தப்பட்ட 1.0.1ஜி பதிப்பும் அன்றே வெளிவந்தது. அதன்பின் மேம்படுத்தத் தாமதித்த ஒவ்வொரு நாளும், வழுவுள்ள சேவையகங்கள் தாக்குவோர்க்குத் திறந்து கிடந்தன. இத்தகைய தாமதத்தைக் குறைக்கவே தானியங்கு மேம்பாடு பயன்படுகிறது. எனினும், மேம்பாட்டினிடையே மனிதர் எடுக்க வேண்டிய சில முடிவுகளும் உள்ளன.

டெபியன் மரபு

இம்மரபில் வினாக்கள் இரு வாயில்களில் எழுகின்றன. முதலாவது, பொதியை அமைக்கும்போது வினவும் டெப்கான்ஃப். அதன் இடைமுகத்தை ‘நான்இன்டராக்டிவ்’ என மாற்றினால், முன்பே பதிவான விடைகளையோ இயல்பு விடைகளையோ கொண்டு பணி தொடரும். இரண்டாவது, டிபிகேஜி. ஓர் அமைவுக் கோப்பை நிர்வாகியும் மாற்றி, புதிய பொதியும் மாற்றியிருந்தால், எதை வைத்துக்கொள்வது என அது வினவும். டெப்கான்ஃபை அமைதிப்படுத்துவதால் இவ்வினா நீங்காது. பழைய கோப்பையே காக்குமாறு டிபிகேஜிக்குத் தனியே ஆணையிட வேண்டும்.

‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ கருவி இவ்விடத்தில் எச்சரிக்கையுடன் செயற்படுகிறது. அத்தகைய ஆணை இல்லாத நிலையில், கோப்பு முரண்பாடு எழக்கூடிய பொதியை அது மேம்படுத்தாமல் நிறுத்தி வைக்கும். எனவே தானியங்கு மேம்பாடு இயங்கும் கணினியிலும் திருத்தப்படாத பொதி எஞ்சக்கூடும்.

ஆர்பிஎம் மரபு

ரெட் ஹாட், ஃபெடோரா, ஓப்பன்சூசே ஆகியவை பின்பற்றும் ஆர்பிஎம், நிறுவலின்போது வினவுவதில்லை. விடையைப் பொதியை உருவாக்குபவரே முன்கூட்டி எழுதிவிடுகிறார். ‘நோரீப்ளேஸ்’ எனக் குறிக்கப்பட்டிருந்தால், நிர்வாகி மாற்றிய கோப்பு நிலைக்கும். புதியது ‘ஆர்பிஎம்நியூ’ என்னும் பின்னொட்டுடன் அருகில் வைக்கப்படும். அக்குறி இல்லாத அமைவுக் கோப்பாயின் புதியது அமரும். பழையது ‘ஆர்பிஎம்சேவ்’ எனச் சேமிக்கப்படும். பின்னதில் நிர்வாகி விதித்திருந்த கட்டுப்பாடு அவரறியாமலே செயலிழக்க வாய்ப்புண்டு.

நினைவகத்தில் எஞ்சும் பழமை

வட்டில் நிரலகம் மாறினாலும், முன்பே இயங்கும் செயல்முறைகள் நினைவகத்திலுள்ள பழைய நிரலகத்தையே பயன்படுத்தும். அவற்றை மறுதொடக்கம் செய்தால்தான் திருத்தம் பயன் தரும். அத்தகைய சேவைகளைக் கண்டறிய ‘நீட்ரீஸ்டார்ட்’ உதவுகிறது. கருனி மேம்பாட்டுக்குப் பொதுவாகக் கணினியையே மறுதொடக்கம் செய்ய வேண்டும். ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ கருவியில் இவ்வசதி இயல்பாக முடக்கப்பட்டுள்ளது. ஓப்பன்சூசே மைக்ரோஓஎஸ் வேறு வழியை மேற்கொள்கிறது. அது மேம்பாட்டைப் புதியதொரு கோப்பமைப்பு நகலில் செய்து, மறுதொடக்கத்தின்போது அதற்கு மாறுகிறது. பழுது நேரின் முந்தைய நகலுக்குத் திரும்பலாம்.

முடிவுரை

தானியங்கு மேம்பாட்டில் வினாக்கள் மறைவதில்லை. அவற்றுக்கு விடையளிப்பவரே மாறுகிறார். டெபியனில் நிர்வாகி முன்கூட்டி விடையளிக்கிறார். ஆர்பிஎம்மில் பொதியை உருவாக்குபவர் விடையளிக்கிறார். ஆதலின் நிறுத்தி வைக்கப்பட்ட பொதிகள், எஞ்சிய அமைவுக் கோப்புகள், மறுதொடக்கம் வேண்டும் சேவைகள் ஆகிய மூன்றையும் மேம்பாட்டுக்குப்பின் சரிபார்த்தல் இன்றியமையாதது.