ஒரு மூட்டை யூரியாவுக்கு எத்தனை யூனிட்?

மேலூர்ப் பக்கம் பெரியாறு–வைகைப் பாசனத்தில் நெல் நட்டவர் மேலுரமாகப் போட வாங்கும் 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. அந்த மூட்டையைச் செய்ய இருபத்தைந்தரை கிலோ அம்மோனியா வேண்டும். இன்று பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனை எடுத்து, காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அதைத் தயாரிக்கிறார்கள். சூரிய மின்சாரமோ காற்றாலை மின்சாரமோ கொண்டு தண்ணீரைப் பிரித்து அந்த ஹைட்ரஜனை எடுத்தால், கிடைப்பது பசுமை அம்மோனியா. இதன் வேதியியல் பழையது. இழுபறி எல்லாம் மின்சாரக் கணக்கில்தான்.

எலக்ட்ரோலைசர் என்னும் மின்பகுப்புக் கருவி ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் வரை விழுங்கும். ஒரு டன் அம்மோனியாவுக்கு 177 கிலோ ஹைட்ரஜன் தேவை; மற்ற வேலைகளையும் சேர்த்தால் சுமார் 10,000 யூனிட். நம் மூட்டைக்கு 255 யூனிட். யூனிட் 4 ரூபாய் என்றால் மின்சாரத்துக்கே 1,020 ரூபாய் ஆகிவிடும். வெயிலை மட்டும் நம்பினால் கருவி நாளுக்கு ஐந்தாறு மணி நேரம்தான் முழு வேகத்தில் ஓடும். அதை வாங்கிய கடனுக்கு வட்டியோ 24 மணி நேரமும் ஓடும். எனவே கமுதி வெயிலோடு ஆரல்வாய்மொழிக் காற்றும் சேர்ந்தால்தான் கணக்கு கொஞ்சம் நிமிரும்.

266 ரூபாய் மூட்டைக்கு இவ்வளவு செலவா என்று கேட்கலாம். ஆனால் 266 என்பது மானிய விலை. 2025இல் மத்திய அரசின் சூரிய மின்சக்திக் கழகம் நடத்திய ஏலத்தில், ஒடிசாவின் பாரதீப் உர ஆலைக்கான பசுமை அம்மோனியா கிலோ 55 ரூபாய் 75 காசுக்கு முடிந்தது. அந்தக் கணக்கில் நம் மூட்டைக்கு 1,420 ரூபாய். அதே ஆண்டு சாதாரண அம்மோனியாவின் உலகச் சந்தை விலை டன்னுக்கு 500 டாலரை ஒட்டி இருந்தது. அதில் வாங்கினால் சுமார் 1,100 ரூபாய். உண்மையான இடைவெளி 300 ரூபாய் சொச்சம்தான். உக்ரைன் போர் மூண்ட 2022இல் அந்தச் சந்தை விலை 1,000 டாலரைத் தாண்டியதை நினைத்தால், பத்தாண்டுக்கு மாறாத அந்த ஏல விலைக்கும் ஒரு மதிப்பு உண்டு.

வைகையே வறண்டு கிடக்கையில் தண்ணீருக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. ஒரு டன் அம்மோனியாவுக்கு 1,600 லிட்டர் வேதிவினைக்கே போய்விடும், குளிரூட்டுவதற்குத் தனி. ஆனால் கடல்நீரை 1,000 லிட்டர் நன்னீராக்க மூன்று நான்கு யூனிட் போதும். 10,000 யூனிட்டில் அது கடுகளவு. ஆகவே ஆலைக்கு இடம் மதுரைச் சமவெளி அல்ல, தூத்துக்குடிக் கடற்கரை. இதைவிடக் கடினமான ஆட்சேபம் வேறு. யூரியா செய்யக் கரியமில வாயுவும் வேண்டும். எரிவாயு ஆலையில் அது கூடவே கிடைக்கிறது, தண்ணீரிலிருந்து கிடைக்காது. அதனால் பசுமை அம்மோனியா முதலில் போக வேண்டிய இடம் கரியமில வாயு தேவைப்படாத டிஏபி, காம்ப்ளக்ஸ் உரங்கள். யூரியாவின் முறை பிறகுதான். பாரதீப் ஆலை செய்வதும் அத்தகைய உரங்களையே.

இந்தியா இதை ஒருமுறை செய்தும் பார்த்திருக்கிறது. பஞ்சாபின் நங்கல் உர ஆலை 1961இல் பக்ரா அணை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்துத்தான் அம்மோனியா தயாரித்தது. பாசன மோட்டார்களும் நகரங்களும் அதே மின்சாரத்துக்குப் போட்டியிட்டபோது ஆலைக்குக் கிடைத்த பங்கு சுருங்கியது. எரிஎண்ணெய்க்கும் பிறகு எரிவாயுவுக்கும் அது மாறிற்று. நங்கலில் தோற்றது கருவி அல்ல, மின்சாரப் பங்கீடு. 19,744 கோடி ரூபாய் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம் கருவிகளுக்கும் உற்பத்திக்கும் ஊக்கத்தொகை தருகிறது, நல்லது. ஆனால் தென்மாவட்ட மின்சாரத்தில் இந்த ஆலைகளுக்கு எத்தனை யூனிட், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், நங்கலின் கதை தூத்துக்குடியிலும் நடக்கும்.