ஓலையில் யார் பெயர்?

"சீட்டு யாருக்குன்னு முடிவாயிடுச்சா?"

அமிர்தி உயிரியல் பூங்காவுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர், நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் கேட்ட முதல் கேள்வி இது. யார் ஜெயிப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. மேலே மலைக்கிராமத்திலிருந்து புளி மூட்டையோடு இறங்கி, வேலூர் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார். "ஓட்டுப் போடறது ஒரு நாள் வேலை தம்பி. நிக்கிற ஆளைப் பொறுக்கறாங்களே, அதை யாரு பண்றாங்க, எங்க வெச்சுப் பண்றாங்க? அதானே சங்கதி."

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பும் ஏறக்குறைய அதுதான். அமெரிக்காவில் நடப்பதுபோல வேட்பாளரையே மக்கள் முன்கூட்டி ஓட்டுப் போட்டுப் பொறுக்கும் வழக்கம் இங்கே வந்தால் எப்படி இருக்கும்? பழைய முறையில் பிடிப்புள்ளவர்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள்? சென்னையிலேயே நாலு பேரிடம் பேசி முடித்திருக்கலாம். ஆனால் ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்களிடம் நாட்டார், ஊர்க்கவுண்டர் என்ற பழைய ஊர்த் தலைமைப் பொறுப்புகளுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஊராட்சிப் பெயரிலேயே 'நாடு' ஒட்டிக்கொண்டிருக்கும் மலை இது. அதனால்தான் பஸ் ஏறினேன்.

பெரியவரின் வாதம் எளிமையானது. "பொண்ணு கேட்டு ஒருத்தன் வந்தா, கொல்லையில எவ்வளவு சாமை வெளையுதுன்னு மட்டுமா பார்ப்போம்? அவங்கப்பன் கடனைத் திருப்பிக் குடுத்தானா, பங்காளிகிட்ட எப்படி நடந்துக்கறான், குடிச்சா வாய் எப்படி, எல்லாம் விசாரிப்போம். ஊரை ஆளப் போறவனுக்கு மட்டும் விசாரணை வேணாமா?" விசாரிக்கத் தெரிந்தவர்கள் முதலில் விசாரிக்கட்டும், அப்புறம் ஊர் ஓட்டுப் போடட்டும் என்கிறார். வரிசை மாறினால் வருவது ஆளல்ல, விளம்பரம்தான் என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் பெரிய மறுப்பில்லை.

முதலில் விசாரணை, பிறகு தேர்வு என்பது நமக்குப் புதிதல்ல. சோழர் காலத்துக் குடவோலைத் தேர்தல் நடந்த உத்திரமேரூர் என்றதும் நம் எல்லோருக்கும் பானையும், அதற்குள் கைவிட்டு ஓலை எடுக்கும் சிறுவனும்தான் ஞாபகத்துக்கு வரும். பானையை விடுங்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் அதைவிடக் கெட்டியான இடம் ஒன்று உண்டு. யார் பெயரை ஓலையில் எழுதலாம், யார் பெயரை எழுதவே கூடாது என்ற பட்டியல்தான் அது. இரண்டாவது கல்வெட்டுப்படி வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்குக் குறையக் கூடாது. சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில் இருந்தவர் மறுபடி வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்குக் கதவு அடைப்பு. அவருக்கு மட்டுமா? அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தவர், மாமனார், மருமகன் என்று ஒரு பட்டாளமே வெளியே நிற்க வேண்டியதுதான். குடும்ப அரசியல் என்று இன்று மேடை மேடையாக முழங்குகிறோம். அன்று கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள்.

அது வேதம் படித்த, நிலம் வைத்திருந்த பிராமணர்களின் ஊர்ச் சபை, மற்றவர்களுக்கு அதில் இடமே இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் நான் சொல்ல வந்தது ஆளைச் சலித்தெடுக்கும் அந்தச் சல்லடையைப் பற்றி.

இன்றைய சல்லடை எப்படி இருக்கிறது? 2021 சட்டமன்றத் தேர்தலில் ஒரு பெரிய கட்சியில் பொதுத்தொகுதிக்கு விருப்ப மனு கட்டணம் 25,000 ரூபாய். அதே தொகுதியில் நிற்க அரசாங்கத்துக்குக் கட்டும் டெபாசிட் 10,000 ரூபாய்தான். கேட்பதற்கே இரண்டரை மடங்கு! மனு கொடுத்த பின் தலைமைக் கழகத்தில் நேர்காணல். கரை வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனவர்கள் வெளியே வந்து சொல்லும் கதை எல்லாக் கட்சியிலும் ஒன்றுதான். தொகுதியில் எத்தனை குடும்பத்தைத் தெரியும் என்று கேட்டார்களோ இல்லையோ, "எவ்வளவு இறக்குவீங்க?" என்ற கேள்வி எப்படியும் வந்திருக்கும். அதற்குப் பிறகு பி ஃபார்ம், 'இவர்தான் எங்கள் ஆள்' என்று கட்சி கொடுக்கும் தாள். மனுத்தாக்கலின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் அந்தத் தாள் யார் பெயரில் தேர்தல் அதிகாரி மேஜைக்குப் போகிறதோ, அவரே வேட்பாளர். முப்பது வருஷம் கொடி கட்டியவர் வாசலில் நிற்பார்.

இதை நெறிப்படுத்தச் சட்டம் கிடையாது. கட்சிகளுக்குள் ஜனநாயகம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999-லேயே தன் 170-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்குள்ளவரை நிறுத்தினால் அந்த வழக்கு விவரத்தையும், வழக்கில்லாத ஒருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்ற காரணத்தையும் கட்சி வெளியிட வேண்டும் என்றது. ஜெயிக்கக்கூடியவர் என்பது மட்டும் காரணமாகாது என்றும் சொன்னது. அதன்படி வரும் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். 'மக்கள் சேவையில் ஆர்வமுள்ளவர்' என்று இருக்கும். பொறுமையிருந்தால் அடுத்தடுத்த பெயர்களையும் பாருங்கள், எல்லோருக்கும் அதே ஆர்வம்.

அமெரிக்க மருந்து இதற்கு உதவுமா? விஸ்கான்சின் மாநிலம் 1904-இல் மக்கள் வாக்கெடுப்பில் வேட்பாளரை மக்களே பொறுக்கும் முறையை ஏற்றுக்கொண்டு வழிகாட்டியது. கட்சித் தரகர்கள் மூடிய அறையில் முடிவெடுப்பதை உடைப்பதுதான் நோக்கம். அங்கே பழமைவாதிகள் பலர் இன்றும் முணுமுணுக்கிறார்கள். சில மாநிலங்களில் எந்தக் கட்சியிலும் பதிந்துகொள்ளாதவர்கூடப் போய் ஓட்டுப் போடலாம். நம் வீட்டு மாப்பிள்ளையை எதிர் வீட்டுக்காரன் பார்த்து முடிப்பதுபோல. கட்சிக்காரர்கள் மட்டும் ஓட்டுப் போடட்டும் என்பார் சிலர், பிரதிநிதிகள் கூடிப் பேசி முடிக்கும் பழைய மாநாட்டு முறையே மேல் என்பார் சிலர். இங்கேயும் 2014 மக்களவைத் தேர்தலில் ஒரு தேசியக் கட்சி சுமார் 15 தொகுதிகளில் இதைச் சோதித்துப் பார்த்தது. 2019-இல் அந்தப் பேச்சையே காணோம்.

என் பயம் வேறு. ஒரு தேர்தலுக்கே கவர் கொடுக்கும் ஊரில் இரண்டு தேர்தல் வைத்தால் இரண்டு கவர். ரொக்கம் இல்லாதவன் முதல் சுற்றிலேயே காலி.

அமிர்திக்கு வரும் வழியில் பஸ் தொரப்பாடியைத் தாண்டும்போதே இந்தப் பயம் மனதில் ஓடியது. வேலூர் ஜெயில் அங்கேதான் இருக்கிறது. 1922 ஜனவரியில் ராஜாஜி வேலூர் சிறையில் இருந்தபடி நாட்குறிப்பு எழுதினார். சுதந்திரம் வந்தவுடன் தேர்தலும் அதன் ஊழலும் பணபலமும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கும் என்ற கவலை அதில் இருக்கிறது. சுதந்திரத்துக்கு இன்னும் 25 வருஷம் இருக்கும்போது! 1959-இல் அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சி, தன் அடிப்படைக் கொள்கைகளுக்கு வெளியே உள்ள விஷயங்களில் உறுப்பினர்களை அவரவர் மனசாட்சிப்படி ஓட்டளிக்க விட்டது. ஆள் யார் என்று பார்த்து நிறுத்தினால்தானே அப்படி விட முடியும்?

மலைக்கே வருகிறேன். கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, பி ஃபார்மும் கிடையாது. டெபாசிட் 600 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 300. 2019-இல் செலவு வரம்பு 34,000 ரூபாய். ஊரே கூடி ஆளைப் பொறுக்க இதைவிடத் தோதான இடம் வேறில்லை. ஆனால் அங்கும் மலையைக் கூறு போட்டாயிற்று. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம், அங்கே 2019 டிசம்பரில் ஓட்டு. அமிர்தி வேலூர் மாவட்டம், இங்கே 2021 அக்டோபரில். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சொந்தக்காரர்கள் இரண்டு வருஷ இடைவெளியில் விரலில் மை வைத்துக்கொண்டார்கள். சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கிய தொகுதிகள் மாநிலத்தில் இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். ஜவ்வாது மலைக்கு அதுவும் இல்லை.

"ஊரே பேசி நிறுத்தறோம்னு சில இடத்துல பதவியை ஏலம் விடறாங்களே?" என்று பெரியவரைச் சீண்டினேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏலம் விட்டா அது சந்தை. ஊர்க்கூட்டத்துல காசைப் பத்திப் பேசுனா நாட்டாரு எழுந்து போயிருவாரு."

கடைக்கார அக்கா வடையைத் திருப்பிப் போட்டபடி குறுக்கே வந்தார். "எழுந்து போவாரு, சரி. அந்தக் கூட்டத்துல எங்களை என்னைக்கு உக்கார வெச்சாரு? பாதி எடம் பொம்பளைங்களுக்குன்னு சட்டம் வந்தப்புறம்தானே எங்க பேரே வெளிய வந்துச்சு." பெரியவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

பஸ் வந்தது. மூட்டையை ஏற்ற ஒரு கை கொடுத்தேன். கடையின் பக்கச் சுவரில் புதிதாக வெள்ளை அடித்து, சின்னத்தை ஆளுயரத்துக்கு வரைந்திருந்தார்கள். கீழே 'உங்கள் வெற்றி வேட்பாளர்' என்று எழுதி, அதற்கும் கீழே இரண்டு முழம் காலி விட்டிருந்தது.

"பேரு?" என்றேன்.

"மெட்ராஸ்ல இருந்து சொல்லுவாங்களாம்," என்றார் அக்கா. "பெயின்டர் டப்பாவை இங்கயே வெச்சிட்டுப் போயிருக்கான்."