புதுப்பித்த படகு எஞ்சினில் பேரிங் கெடுவதேன்?

ஓசூர், கிருஷ்ணகிரி பிரதேசத்திற்குக் கடல் வெகுதூரம். எனினும் அங்கு வளர்ந்துள்ள யந்திரத் தொழில் கடற்கரையோடு சம்பந்தமற்றதன்று. 1980-ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு கம்பெனியார் ஓசூரில் தொழிற்சாலை நிறுவினர். அக்கம்பெனியாரின் டீசல் எஞ்சின்கள் லாரிகளில் மட்டுமன்றி, நம் கடற்கரை விசைப்படகுகளிலும் பொருத்தப்படுகின்றன. லாரியாயினும், படகாயினும், கிணற்றுப் பம்பாயினும், எஞ்சினின் பேரிங் ஒரே விதிக்கு உட்பட்டது. ஆதலால் உழவர் சங்கத்தாருக்கும் மீனவர் சங்கத்தாருக்கும் இவ்விஷயம் பொதுவானதே.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பதற்கு இதுவே ஏற்ற காலம். கடன் வாங்கிப் புதுப்பித்த எஞ்சின் தடை நீங்கிய முதல் வாரத்திலேயே பேரிங் கெட்டு நின்றால், நல்ல பருவமும் போய், கடனும் நிற்கும். கரைக்கு வெகுதூரத்தில் நின்றுவிட்டாலோ உயிருக்கே ஆபத்து. அவ்வேளையில் வேறொரு பேரிங்கை வாங்கிப் போட்டால் போதும் என்று எண்ணுவது பெரும் தவறு. கெட்ட பேரிங் பெரும்பாலும் குற்றவாளியன்று; அது சாட்சி. சாட்சியை விசாரியாமல் எறிந்துவிட்டால், குற்றம் எஞ்சினுக்குள்ளேயே தங்கி, புதிய பேரிங்கையும் கெடுக்கும்.

பேரிங் வேலை செய்யும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். நன்றாக ஓடும் எஞ்சினில் கிராங்க் தண்டு பேரிங் உலோகத்தின்மேல் உராய்வதில்லை. இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. 1883-இல் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்பவர் பரீக்ஷை செய்கையில், பேரிங்கின் மேற்புறத்தில் துளைத்த துவாரத்தை மரக்கட்டையால் அடைத்தார். சுழலும் தண்டு இழுத்துச் சென்ற எண்ணெயின் அழுத்தம் அக்கட்டையை வெளியே தள்ளிவிட்டது. 1886-இல் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் இதன் காரணத்தைக் கணிதத்தால் விளக்கினார். இப்படலம் நிலைக்கத் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே அளவான இடைவெளி வேண்டும். தண்டின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. 75 மில்லிமீட்டர் தண்டுக்கு ஏறக்குறைய 0.075 மில்லிமீட்டர். சரியான அளவை எஞ்சின் செய்தவரின் புத்தகத்தில் பார்த்தே முடிவு செய்க. இடைவெளி மிகுந்தால் எண்ணெய் வழிந்து அழுத்தம் குறையும். குறைந்தால் சூடேறி உலோகம் உருகும்.

எஞ்சினைப் பிரிக்குமுன் நான்கு காரியங்கள் செய்ய வேண்டும். முதலாவது, எண்ணெய் அழுத்தத்தைக் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் பார்த்து எழுதி வைத்தல். குளிரில் சரியாயிருந்து, சூடேறியபின் மெதுவாக ஓடும்போது முள் விழுந்தால், பேரிங் தேய்ந்திருக்கலாம். இரண்டாவது, சப்தத்தைக் கேட்டல். பாரம் ஏறும்போது அடியிலிருந்து கனமாக இடித்தால் மெயின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மூன்றாவது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்லும் டீசல் குழாயின் நட்டை மாறிமாறித் தளர்த்திப் பார்த்தல். எந்தச் சிலிண்டரில் தளர்த்தும்போது இடி குறைகிறதோ, அதன் கனெக்டிங் ராடு பேரிங்கில் குறை இருக்கலாம். நான்காவது, எண்ணெய் வடிகட்டியை அறுத்துப் பார்த்தல். காந்தத்தில் ஒட்டாத சாம்பல் நிற அல்லது செம்பு நிறத் துகள்கள் பேரிங்கிலிருந்து உதிர்ந்திருக்கக்கூடும். பிரித்தபின் பேரிங் ஷெல்களைத் துடைக்காமல், இன்ன இடத்தது என்று எண் எழுதி வரிசையாக வைக்க வேண்டும்.

இனி ஷெல்கள் கூறும் சாட்சியத்தைக் கேட்போம். மேல் முழுவதும் கீறல்களும், பதிந்த மணல் போன்ற துகள்களும் இருந்தால், கிராங்கைச் சாணை பிடித்தபின் அதன் எண்ணெய்த் துவாரங்களை நன்கு கழுவவில்லை எனலாம். உலோகம் உருகி இழுபட்டுக் கருத்திருந்தால் எண்ணெய் போதவில்லை; ஷெல்லின் துவாரம் பிளாக்கின் துவாரத்தோடு பொருந்தியதா, எண்ணெய் ஏறுமுன்பே எஞ்சினைக் கிளப்பினார்களா என்று விசாரிக்க. மேல் ஷெல்லின் ஒரு விளிம்பும் கீழ் ஷெல்லின் எதிர் விளிம்பும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்துள்ளது. நடு மெயின் பேரிங்குகள் மட்டும் அதிகம் தேய்ந்தால் கிராங்கு வளைந்ததாகவோ, பிளாக் கோணலானதாகவோ இருக்கலாம். ஷெல்லின் முதுகில் ஒரு பளபளப்பான புள்ளி இருந்தால் அடியில் அழுக்கு சிக்கியுள்ளது. 0.25 மில்லிமீட்டர் குறைத்துச் சாணை பிடித்த கிராங்குக்கு 0.50 மில்லிமீட்டர் ஷெல் போட்டால் தண்டு இறுகிப்போகும். மூடிகளை இடம் மாற்றிப் போடுவதும் கேடே.

படகுக்கே உரிய காரணங்களும் உள. லாரி எஞ்சினுக்கு இறக்கத்தில் சற்று ஓய்வு உண்டு. படகு எஞ்சின் மணிக்கணக்கில் ஒரே பாரத்தை இழுக்கிறது. புரொப்பெல்லர் அளவுக்கு மிஞ்சினால் எஞ்சினுக்குப் பாரமும் மிஞ்சும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. எண்ணெய்க் குளிர்விப்பானையும் சிலிண்டர் தலையின் கேஸ்கெட்டையும் சோதிக்க. தண்டு முன்னும் பின்னும் நகராதபடி தாங்கும் வாஷர்கள் மட்டும் தேய்ந்திருந்தால், கியர்பெட்டி இணைப்பு கிராங்கைத் தள்ளுகிறதா என்று பார்க்க.

சங்கத்தார் செய்ய வேண்டியது இதுவே. பட்டறையாரின் பில்லுக்குப் பணம் கொடுக்குமுன், கிராங்கின் ஒவ்வொரு கழுத்தின் அளவும், ஷெல்லின் அளவும், கண்ட இடைவெளியும் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். பழைய ஷெல்களையும் கேட்டு வாங்குக. முதன்முறை கிளப்புமுன் டீசலை நிறுத்தி, அழுத்த முள் எழும் வரை எஞ்சினைச் சுழற்றுதல் வேண்டும். சில நாட்கள் ஓடியபின் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுதல் நலம். இவற்றிற்கு ஆகும் செலவு சொற்பம். ஆனால் கடனாகக் கொடுத்த பணமும், அதை நம்பிக் கடலுக்குச் செல்வோரும், இந்தச் சொற்பச் செலவாலேயே காக்கப்படுகிறார்கள்.