தூதுவனைக் காப்பது எவ்வாறு?

பிம்ப்ரியில் வாழும் அன்பர் ஒருவர், ஊரிலுள்ள தாயாருக்குத் தூதுவன் வழியே பணம் அனுப்புவதாகக் கொள்வோம். இடையில் அவன் தங்கும் சத்திரத்துக்காரனே கள்வனாயின் என் செய்வது?

கணினி உலகிலும் இவ்விடர் உண்டு. பிற கணினிக்குச் சென்று, அங்கேயே இயங்கி, பணி முடித்துத் திரும்பும் நிரலை ‘நடமாடும் முகவர்’ என்பர். அதனை இயக்கும் கணினி, அதன் ஒவ்வோர் அடியையும் காணவும் மாற்றவும் வல்லது. விருந்தினனிடமிருந்து வீட்டைக் காக்கப் பூட்டு உண்டு. வீட்டுக்காரனிடமிருந்து விருந்தினனைக் காப்பதே அரிது.

2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் வங்கியில் சுமார் 94 கோடி ரூபாய் களவு போயிற்று. ஏ.டி.எம். பொறிகள் அனுப்பிய வினாக்களுக்கு, வங்கிக் கணினியின் இடத்தில் நின்ற போலி அமைப்பொன்று ‘தருக’ என விடையளித்தது. அங்கே சென்றது வினா மட்டுமே. நிரலே செல்லுமாயின் இடர் மிகும்.

காப்பு மூன்று: இரகசியச் சாவியை முகவரிடம் கொடாமை, ஒவ்வொரு கணினியும் தன் விடைக்கு மின்னொப்பமிடல், மறைக்குறியீட்டைப் பிரிக்காமலே கணக்கிடுதல். மூன்றாவதற்கு 2009இல் கிரெய்க் ஜென்ட்ரி முழுமையான வழி கண்டார். ஆயினும் அதன் வேகம் குறைவே.

ஆதலின், தூதுவனின் நேர்மை மட்டும் போதாது. அவன் தங்கும் இடத்தையும் ஆராய்தல் வேண்டும்.