ஏறும் கோட்டில் இறங்கும் புள்ளி

புதுச்சேரி கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு பிளஸ் ஒன் மாணவி கேட்டிருக்கிறார்: “வலப்பக்கம் நகரும் அலையின் படம். ஏறுமுகமான சரிவில் ஒரு புள்ளி. அந்தத் துகள் கீழே இறங்குகிறது என்கிறது விடைக்குறிப்பு. ஏறும் கோட்டில் இருப்பது எப்படி இறங்கும்? அச்சுப்பிழையா?”

அச்சில்தான் சிக்கல்; ஆனால் அச்சகத்தின் அச்சு அல்ல, படத்தின் கிடைமட்ட அச்சு. ‘கோடு ஏறினால் துகளும் ஏறும்’ என்று மூன்று விநாடியில் இயற்பியல் கற்றுத்தரும் ரீல்ஸ்களை நம்பியதால் வந்த வினை. அச்சில் நேரம் இருந்தால் அந்தக் குறுக்குவழி சரி. இவர் படத்தில் இருப்பது தூரம்.

மயானம் உள்ள ஊர் என்பதால் கருவடிக்குப்பத்துக்காரர்களுக்கு இறுதி ஊர்வலம் புதிதல்ல. 1922-இல் மறைந்த நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் அடங்கியிருப்பதும் அங்கேதான். ஓர் ஊர்வலம் வலப்பக்கமாகப் போகும்போது மாடியிலிருந்து படம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். வலக்கோடியில் வெடி வைக்கிற இரண்டு பேர், அடுத்து மேளம், நடுவில் பூந்தேரைச் சுற்றி நெரிசல், இடக்கோடியில் செல்போன் பேசியபடி வரும் தூரத்து உறவு. தெருவாசலில் நின்றவரோ முதலில் வெடியைப் பார்த்தார், கடைசியில் செல்போனை. அவர் பார்த்ததை நேர வரிசையில் இடமிருந்து வலமாக எழுதினால் மாடிப் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்கும்.

படத்தில் செல்போன்காரரிலிருந்து தேர்வரை கூட்டம் ஏறுமுகம். ஆனால் அந்த ஏறுமுகத்தில் உள்ள வாசலைத் தேர் தாண்டிவிட்டது. அங்கே இனிக் கூட்டம் குறையத்தான் செய்யும். மாணவியின் புள்ளி அந்த வாசல். சைன் அலைக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே ஜாடை என்பதால், படத்தைத் திருப்பிப் போட்டாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. (உவமையை இன்னும் இழுத்தால் துகள்களும் மயானம்வரை நடந்துவிடும். அவை நின்ற இடத்திலேயே ஆடுபவை.)

2004 டிசம்பர் 26 அன்று ஒரே சுனாமிக்கு இரண்டு படமும் கிடைத்தன. சென்னைத் துறைமுகத்தில் கடல்மட்டம் பதியும் கருவி, வாசலில் நின்ற ஆள். நிலநடுக்கம் நடந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து வங்கக் கடலுக்கு மேலே பறந்த ஜேசன்-1 செயற்கைக்கோள், மாடியில் நின்ற ஆள். அலை விநாடிக்குச் சுமார் 200 மீட்டர் போனது, செயற்கைக்கோள் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். அலை உறைந்து நின்ற மாதிரிதான். ஆழ்கடலில் அதன் உயரம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். ‘விண்ணிலிருந்து சுனாமியைப் பிடித்தோம்’ என்ற பெருமைப் பேச்செல்லாம் பிறகு வந்தது. தரவைப் பிரித்துப் பார்க்கவே பல மணி நேரம் பிடித்தது. கரையில் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1881 டிசம்பர் 31 நிக்கோபார் நிலநடுக்கத்தின் சுனாமியைச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த கருவிகள் பதிந்துவைத்தன. அதுவும் வாசல் கணக்குத்தான். இது போதும்.

முகட்டுக்கு முகடு அளந்தால் மாடிப் படத்தில் கிடைப்பது அலைநீளம், வாசல் படத்தில் அலைவுக்காலம். வேகம் வேண்டுமானால் இரண்டும் வேண்டும்.

மாணவிக்கு: விடைக்குறிப்பு சரி. சந்தேகம் தீராவிட்டால், அதே அலையைப் பென்சிலால் சற்றே வலப்பக்கம் தள்ளி இன்னொரு முறை வரையுங்கள். உங்கள் புள்ளி இருந்த இடத்தில் புதுக் கோடு கீழேதான் போகும்.